குளிரில் லைக்கன், கோடையில் தளிர்: காரிபூவின் ஓராண்டு மேய்ச்சல்

1960களின் தொடக்கத்தில், அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடருக்குள் ஒதுங்கியிருக்கும் அனக்துவுக் பாஸ் என்ற சிற்றூருக்குக் கதிரியக்கத்தை அளக்கும் கருவிகளோடு ஆய்வாளர்கள் வந்தார்கள். அருகில் அணு உலை எதுவும் இல்லாத ஊர் அது. அங்கே அணுகுண்டு எதுவும் வெடிக்கப்பட்டதில்லை. ஆனாலும் அங்கு வாழும் நுனமியுட் மக்களின் உடலில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள், அமெரிக்காவின் மற்ற பகுதி மக்களிடம் இருந்ததைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. அந்த அளவு ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருக்கவும் இல்லை. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் ஏறியது. இலையுதிர் காலத்தில் இறங்கியது.

காரணம், அவர்கள் உண்ட காரிபூ இறைச்சி. அந்நாட்களில் வளிமண்டலத்தில் நடத்தப்பட்ட அணுகுண்டுச் சோதனைகளின் தூசு உலகெங்கும் பரவி, மழையோடும் பனியோடும் தரையிறங்கியது. தூந்திராவின் தரையை மூடியிருக்கும் லைக்கன் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. குளிர்காலம் முழுக்க லைக்கனை மேய்ந்த காரிபூவின் தசையில் சீசியம் சேர்ந்தது. கோடையில் அதே காரிபூ இலை தழைக்கு மாறியதும் அது சில வாரங்களில் உடலைவிட்டுப் பெருமளவு வெளியேறியது. நுனமியுட் மக்களின் உடலில் ஏறி இறங்கிய கணக்கு, காரிபூ எந்த மாதத்தில் எதைத் தின்றது என்பதன் பதிவாகவே அமைந்துவிட்டது.

காரிபூவும் துருவ மானும் ஒரே இனம். அறிவியல் பெயர் ராங்கிஃபர் டரான்டஸ். வட அமெரிக்காவில் காட்டு விலங்காகத் திரிவதைக் காரிபூ என்றும், ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருப்பதைத் துருவ மான் என்றும் அழைக்கிறார்கள். இதைப் பற்றிய நூல்கள் பலவும் ‘லைக்கன் தின்னும் மான்’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். அது பாதி உண்மைதான். லைக்கன் அதைக் குளிர்காலத்தில் சாகாமல் காப்பாற்றுகிறது. கன்றுக்குப் பால் சுரக்க வைப்பதும், உடலில் கொழுப்பேற்றுவதும், அடுத்த ஆண்டுக்குச் சினை பிடிக்க வைப்பதும் வேறு உணவு. அந்த உணவு ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டுமே கிடைக்கிறது.

லைக்கன் தாவரம் அல்ல. ஒரு பூஞ்சையும், ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிர். செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசி ஒரு வகை லைக்கன்தான் என்பதால், தமிழ்ச் சமையலறைகளுக்கு இது புதிய பொருள் அல்ல. காரிபூ அதிகம் விரும்புவது கிளாடோனியா வகைகளை. வெளிர் சாம்பல் நிறத்தில், நுண்ணிய கிளைகள் பின்னி, பஞ்சு மெத்தை போலத் தரையில் படர்ந்திருக்கும். இதற்கு வேர் இல்லை. தனக்கு வேண்டியதைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அணுத்தூசை அது அவ்வளவு எளிதாகப் பிடித்துக்கொண்டது இதனால்தான்.

உணவு என்ற அளவில் லைக்கன் ஒருபக்கச் சத்து மட்டுமே உள்ளது. மாவுச்சத்து நிறைய, புரதமோ உலர் எடையில் 3 சதவீதம் அளவுக்குத்தான். உப்பும் மற்ற தாதுக்களும் குறைவு. அதிலுள்ள மாவுச்சத்தைச் செரிப்பதும் எல்லா விலங்காலும் ஆகாது. காரிபூவின் நான்கு அறை இரைப்பையின் முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்களே அந்த வேலையைச் செய்கின்றன. லைக்கன் தன்னைக் காத்துக்கொள்ள அஸ்னிக் அமிலம் போன்ற நச்சுகளையும் வைத்திருக்கிறது. 2004இன் குளிர்காலக் கடைசியில், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் தரை லைக்கனைத் தின்ற எல்க் மான்கள் முந்நூறுக்கும் மேல், கால்கள் செயலிழந்து எழுந்திருக்க முடியாமல் விழுந்து மாண்டன. அதே குடும்பத்தைச் சேர்ந்த காரிபூவோ லைக்கனையே மாதக்கணக்கில் தின்று நலமாக இருக்கிறது. 2008இல் நார்வே ஆய்வாளர்கள் துருவ மானின் இரைப்பையிலிருந்து, அஸ்னிக் அமிலத்துக்கு அசையாத ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். யூபாக்டீரியம் ராங்கிஃபெரினா என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்த இரைப்பைக்குள் நச்சு சிதைந்துபோகிறது.

புரதக் குறைக்கும் காரிபூவின் உடல் ஒரு வழி வைத்திருக்கிறது. பல பாலூட்டிகள் சிறுநீரில் வெளியேற்றிவிடும் யூரியாவின் பெரும்பகுதியைக் காரிபூ குளிர்காலத்தில் இரத்தத்தின் வழியே மறுபடி இரைப்பைக்கு அனுப்புகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதிலிருக்கும் நைட்ரஜனைக் கொண்டு தங்கள் உடலைக் கட்டிக்கொள்கின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களையே காரிபூ செரித்துப் புரதமாக்கிக்கொள்கிறது. உள்ளே வந்த நைட்ரஜனை இயன்றவரை வெளியே விடாமல் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும் ஏற்பாடு இது.

இவ்வளவும் லைக்கன் வாய்க்கு எட்டிய பிறகு நடப்பவை. எட்டுவதே பெரிய பாடு. அக்டோபர் தொடங்கி மே வரை லைக்கன் பனிக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. காரிபூ மோப்பத்தால் இடத்தைக் கண்டுபிடித்து, முன்னங்கால்களால் பனியைத் தோண்டிக் குழி பறித்து மேய்கிறது. ஒரு நாளில் இப்படிப் பல பத்துக் குழிகள் பறிக்க வேண்டியிருக்கும். குளம்பும் அதற்கேற்ப மாறுகிறது. கோடையில் சதுப்பு நிலத்தில் நடக்க உதவும் மெத்தென்ற அடிப்பகுதி குளிர்காலத்தில் சுருங்கிவிடும். சுற்றியுள்ள கடினமான விளிம்பு வெளியே துருத்தி நின்று, பனியை வெட்டவும் பனிக்கட்டியில் வழுக்காமல் ஊன்றவும் உதவும்.

கண்ணும் மாறுகிறது என்பது அண்மைக் காலக் கண்டுபிடிப்பு. மனிதக் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைத் துருவ மான் பார்க்கிறது என்று 2011இல் நார்வே, பிரிட்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பனி புற ஊதா ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. லைக்கன் அதை உறிஞ்சிக்கொள்கிறது. நமக்கு வெள்ளையும் வெளிர் சாம்பலுமாகக் குழம்பித் தெரியும் நிலத்தில், அந்த மானுக்கு லைக்கன் கறுப்புத் திட்டுகளாகத் தெரியும். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழுவினர், விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒளி எதிரொளிப்புப் படலம் கோடையில் பொன்னிறமாகவும், துருவ இருளில் நீலமாகவும் மாறுவதைக் கண்டார்கள். இருட்டில் கிடைக்கும் சிறு வெளிச்சத்தையும் வீணாக்காமல் இருக்க அந்த மாற்றம் துணை செய்கிறது.

தோண்டிய குழி, தோண்டியவருக்கே சொந்தம் என்பதும் இல்லை. வலுத்தது வந்து இளைத்ததை விரட்டிவிடும். மான் குடும்பத்தில் பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது இந்த ஓர் இனத்தில்தான். பெரிய ஆண்கள் இணைசேரும் பருவம் முடிந்ததும், குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிடுகின்றன. சினையாக இருக்கும் பெண்களோ அதைக் கன்று ஈனும்வரை வைத்திருக்கின்றன. குளிர் உச்சத்தில் இருக்கும்போது, தன்னைவிட உடல் பெருத்த ஆணைக்கூட ஒரு சினைக் காரிபூ தன் குழியிலிருந்து விரட்டிவிட முடிகிறது. தாயின் அருகே நின்று மேயும் முந்தைய ஆண்டுக் கன்றுக்கும் அதில் பங்கு கிடைக்கிறது.

இத்தனை இருந்தும் குளிர்காலத்தில் காரிபூ இளைக்கத்தான் செய்கிறது. அடைத்து வைத்து வேண்டிய மட்டும் தீவனம் போட்டாலும், துருவ மான் குளிர்காலத்தில் குறைவாகவே தின்கிறது என்பதை நார்வே ஆய்வுகள் காட்டியுள்ளன. பகல் சுருங்கியதும் பசியும் சுருங்குகிறது, வளர்ச்சி நின்றுவிடுகிறது. கிடைக்காத உணவைத் தேடி அலைந்து ஆற்றலைச் செலவழிப்பதைவிட, செலவைக் குறைத்துக்கொண்டு கொழுப்பில் வாழ்வது மேல் என்ற முறையில் அதன் உடல் அமைந்திருக்கிறது.

லைக்கன் தீர்ந்துபோனால் என்ன நடக்கும் என்பதற்கு, பெரிங் கடலில் இருக்கும் செயின்ட் மேத்யூ தீவு சாட்சி. 1944இல், இரண்டாம் உலகப் போரின்போது, அங்கே தங்கியிருந்த அமெரிக்கக் கடலோரக் காவல் படையினருக்கு அவசர உணவாக இருக்கட்டும் என்று 29 துருவ மான்களைக் கொண்டுவிட்டார்கள். போர் முடிந்து வீரர்கள் போய்விட்டார்கள். ஓநாய் இல்லாத தீவு. தரையெங்கும் தடித்த லைக்கன் மெத்தை. 1957இல் டேவிட் கிளைன் என்ற உயிரியலாளர் போய் எண்ணியபோது 1,350 மான்கள் இருந்தன. 1963இல் 6,000. கோடையில் புல்லும் இலையும் அப்போதும் கிடைத்தன. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே வளரும் லைக்கன் காணாமல் போயிருந்தது. 1963-64இன் கடுங்குளிரில் மந்தை மடிந்தது. 1966இல் கிளைன் மறுபடி போனபோது தீவெங்கும் எலும்புக்கூடுகள். உயிரோடு இருந்தவை 42. அவற்றில் ஆண் ஒன்றே ஒன்று, அதுவும் குறைபாடுள்ளது. கன்று ஒன்றுகூட இல்லை. எஞ்சியவையும் காலப்போக்கில் அழிந்தன.

இயல்பான நிலத்தில் காரிபூ இந்தச் சிக்கலை நடந்தே தீர்த்துக்கொள்கிறது. ஓரிடத்தில் மேய்ந்து முடித்தால், அங்கே லைக்கன் மீண்டும் வளர ஆண்டுகள் பலவும் அதற்குக் கிடைக்கின்றன. இடம் இருக்கும்வரை இந்த முறை செல்லும்.

ஏப்ரலில் சினைப் பெண்கள் முதலில் கிளம்பும். அலாஸ்காவுக்கும் கனடாவின் யூகானுக்கும் இடையே வலசை போகும் போர்க்குபைன் மந்தை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2017 கணக்கெடுப்பில் அதில் ஏறத்தாழ 2,18,000 காரிபூக்கள் இருந்தன. தெற்கே மலைகளிலும் காடுகளிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பனி இன்னும் உருகாத கணவாய்களைத் தாண்டி, ஆர்க்டிக் பெருங்கடலை ஒட்டிய சமவெளிக்கு வருகின்றன. ஜூன் முதல் வாரத்தில் சில நாட்களுக்குள்ளேயே பெரும்பாலான கன்றுகள் பிறந்துவிடும்.

அந்த நேரத்தில் வெறுமையாகத் தெரியும் அந்தச் சமவெளியில் முதலில் எழுவது பருத்திப்புல்லின் மொட்டு. பனி விலகிய திட்டுகளில், பழைய புல் குவியலின் நடுவிலிருந்து இது தலைநீட்டும். குளிர்காலம் முழுவதும் புரதப் பஞ்சத்தில் இருந்த தாய்க்கு முதல் விருந்து இதுதான். மொட்டு மலர்ந்து பஞ்சாகிவிட்டால் பயனில்லை. அதற்குள் குட்டை வில்லோச் செடிகள் துளிர்க்கத் தொடங்கும். அப்போதுதான் விரியும் வில்லோ இலையில் உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் இருக்கும், நாரும் குறைவு. ஒரு மாதம் கழித்து அதே இலை முற்றிப்போய், புரதம் குறைந்து, கசப்புப் பொருட்கள் ஏறியிருக்கும். அதனால் காரிபூ ஓரிடத்தில் நின்று தின்பதில்லை. நுனியை மட்டும் கடித்துவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். பனி கடைசியாக உருகும் சரிவுகளில் துளிர் தாமதமாக வரும் என்பதால் அவற்றைத் தேடிப் போகும். நிறையத் தின்பதைவிடத் தேர்ந்து தின்பதே அப்போது அதற்கு ஆதாயம்.

தேர்வு இவ்வளவு முக்கியமாவது ஏன் என்பதை அலாஸ்கா ஆய்வாளர் ராபர்ட் வைட் 1983இல் விளக்கினார். செரிக்கும் தன்மை சற்றே கூடிய இலை கிடைத்தால் ஆதாயமும் சற்றே கூடும் என்றுதான் தோன்றும். நடப்பது அப்படியல்ல. எளிதில் செரிக்கும் இலை இரைப்பையைவிட்டுச் சீக்கிரம் நகர்ந்துவிடும். அதனால் விலங்கு இன்னும் கூடுதலாகத் தின்ன முடியும். ஒவ்வொரு கவளமும் கூடுதல் சத்து, கவளங்களும் கூடுதல். உயிர் பிழைக்கத் தேவையான அளவு போக மிச்சம் எல்லாம் பாலாகவும் கொழுப்பாகவும் மாறுவதால், இலைத் தரத்தில் சிறு வித்தியாசம் எடையில் பல மடங்கு வித்தியாசமாக வெளிப்படுகிறது. காரிபூவின் ஆண்டைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கருத்து போதும் என்று சொல்லலாம்.

கன்றின் வளர்ச்சியில் இது கண்கூடாகத் தெரியும். பிறக்கும்போது ஏறக்குறைய ஆறு கிலோ இருக்கும் கன்று, பத்துப் பதினைந்து நாட்களில் இரட்டிப்பு எடைக்கு வந்துவிடும். காரிபூவின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிடப் பல மடங்கு. அந்தப் பாலுக்கான தேவை உச்சத்தைத் தொடுவது ஜூன் 20ஐ ஒட்டி. இலை விரியும் வேகம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். போர்க்குபைன் மந்தையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், ஜூன் 21 அன்று செயற்கைக்கோள் படத்தில் ஈனும் நிலம் எவ்வளவு பசுமையாகத் தெரிகிறதோ அதற்கேற்ப அந்த மாதத்தில் கன்றுகள் பிழைக்கின்றன என்று கண்டார்கள். பசுமை கூடிய ஆண்டில் பிழைத்த கன்றுகளும் கூடுதல்.

சூரியன் மறையாத அந்த வாரங்களில் மேய்ச்சலுக்கு இரவு பகல் கிடையாது. தின்பதும், படுத்து அசைபோடுவதும், மறுபடி எழுந்து தின்பதுமாக நாள் முழுக்க ஓடும். இப்படி ஓயாமல் மேயும் விலங்கு எப்போது தூங்கும்? அசைபோடும்போதே துருவ மானின் மூளை அலைகள் ஆழ்ந்த தூக்கத்தின் அலைகளை ஒத்திருக்கின்றன என்று 2023 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நிறைய அசைபோட்ட மானுக்குப் பிறகு தூக்கத் தேவையும் குறைந்திருந்தது.

ஜூலையில் தளிர் குறைவதற்கு முன்பே இன்னொரு தொல்லை வந்துவிடுகிறது. கொசு. தூந்திராவின் உருகிய நீர்க்குட்டைகளிலிருந்து கோடிக்கணக்கில் எழும் கொசுக்கூட்டம் மேயவிடாது. அதன் பின்னாலேயே இரண்டு ஈக்கள். ஒன்று காரிபூவின் உடல் மயிரில் முட்டையிடும். புழு தோலைத் துளைத்துப் போய், முதுகுத் தோலுக்கு அடியில் குளிர்காலம் முழுக்க வளரும். இன்னொன்று பறந்தபடியே மூக்குத் துளைக்குள் புழுக்களைப் பீச்சிவிடும். இந்த ஈக்களில் ஒன்றிரண்டு சுற்றினாலே போதும், காரிபூ தலையைத் தாழ்த்தி அசையாமல் நிற்கும். இல்லையென்றால் வெறிபிடித்தது போல ஓடும். காற்று வீசும் கடற்கரைக்கும், ஆற்று மணல் திட்டுக்கும், உருகாத பனிப் பரப்புக்கும் மந்தைகள் திரண்டு போவது இவற்றிடமிருந்து தப்பத்தான். அந்த இடங்களில் உணவு இல்லை. சத்தான இலை நிலத்தில் இருக்க, விலங்கு பனியின் மேல் பட்டினியாக நிற்கும்.

அலாஸ்கா-யூகான் எல்லையில் வாழும் ஃபார்ட்டிமைல் மந்தையின் பெண் காரிபூக்களுக்குக் கழுத்துப் பட்டையில் சிறு வீடியோ கேமராவைப் பொருத்தி, அவை என்ன தின்கின்றன என்று வாயருகிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். அதற்கு முன்பு எச்சத்தில் இருக்கும் தாவரத் துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்துத்தான் உணவை ஊகிக்க வேண்டியிருந்தது. மென்மையான இலைகள் முழுக்கச் செரித்துவிடுவதால் கணக்கில் வராமல் போகும். கேமராப் பதிவுகளில், கோடையிலும் லைக்கன் முற்றிலும் விலகிவிடுவதில்லை என்பது தெரிந்தது. வில்லோ இலையும் லைக்கனும் கலந்தே போகின்றன. பூச்சித் தொல்லை கூடிய நேரங்களில் மேய்ச்சல் நேரம் குறைவதும் அதில் நேரடியாகப் பதிவானது.

ஆகஸ்டில் கொசு ஓயும்போது இலைகள் முற்றிவிட்டிருக்கும். அப்போது கிடைக்கும் பெரிய வரம் காளான். புரதமும் தாதுவும் செறிந்த காளானுக்காகக் காரிபூ தன் பாதையைவிட்டே விலகிப் போகும். இங்கேயும் சீசியம் சாட்சி சொல்கிறது. 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு நார்வே, ஸ்வீடன் நாடுகளில் சாமி மக்கள் வளர்க்கும் துருவ மான்களின் இறைச்சி உண்ண முடியாததாயிற்று. நார்வே அரசு அந்த நவம்பரில், அந்த இறைச்சிக்கான கதிரியக்க வரம்பைக் கிலோவுக்கு 600 பெக்கரலிலிருந்து 6,000 ஆக உயர்த்த வேண்டிவந்தது. மான்கள் லைக்கனுக்கு மாறும் முன்பே இறைச்சிக்கு வெட்டும் வழக்கமும் வந்தது. ஆனால் காளான் நிறைய முளைத்த ஆண்டுகளில், லைக்கன் காலம் தொடங்குவதற்கு முன்பே அளவு எகிறியது. மண்ணிலிருந்து சீசியத்தைக் காளான் நன்றாக இழுத்துக்கொள்வதே காரணம்.

சைவ உணவு என்ற வரம்பையும் இந்த விலங்கு சில நேரம் தாண்டும். பறவை முட்டையையும், லெம்மிங் என்ற சிறு கொறிணியையும் தின்றது பதிவாகியிருக்கிறது. ஈனும் நிலத்தில் தாய்கள் உதிர்த்துவிட்டுப் போகும் கொம்புகளை அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும் காரிபூக்கள் கொறிக்கின்றன. பால் சுரக்கும் காலத்தில் தேவைப்படும் கால்சியமும் பாஸ்பரசும் அதிலிருந்து கிடைக்கின்றன. தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் ஈனுவதால் அந்த நிலத்திலேயே ஒரு தாதுச் சேமிப்பு உருவாகிவிடுகிறது.

செப்டம்பர் கணக்குத் தீர்க்கும் மாதம். கோடையில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்தது என்பதைப் பொறுத்தே ஒரு பெண் காரிபூ அந்த அக்டோபரில் சினை பிடிக்குமா, பிடிக்காதா என்பது அமைகிறது. மெலிந்து வந்தால் அந்த ஆண்டைத் தவறவிடும். கொசுவுக்கு அஞ்சிக் கடற்கரையில் நின்ற ஜூலை நாட்களின் விலை, அடுத்த ஜூனில் பிறக்காமல் போகும் கன்று. ஆண்களின் நிலை வேறு. இணைசேரும் பருவத்தில் பெரிய ஆண்கள் ஏறக்குறைய மேய்வதையே நிறுத்திவிடும். கோடை முழுக்கச் சேர்த்த கொழுப்பைச் சில வாரச் சண்டையில் கரைத்துவிட்டு, வெறும் உடலோடு குளிரை எதிர்கொள்ளும். கடுங்குளிரில் அவை முதலில் மடிவது அதனால்தான்.

எல்லாக் காரிபூக்களும் இதே அட்டவணையில் வாழ்வதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் பனி இரண்டு மூன்று மீட்டர் உயரத்துக்குக் குவியும். தோண்டித் தரையைத் தொட வழியில்லை. அங்குள்ள மலைக் காரிபூக்கள் பனி இறுகியதும் அதன் மேல் ஏறி நின்று, கிழட்டு ஊசியிலை மரங்களில் தாடி போலத் தொங்கும் லைக்கனைத் தின்கின்றன. மற்ற இடங்களில் உணவை மறைக்கும் பனி இங்கே உணவுக்கு ஏற்றிவிடுகிறது. ஆனால் அந்த லைக்கன் நிறைய வளர மரத்துக்கு நூறு வயதாவது தாண்ட வேண்டும். பழங்காடுகளை வெட்டியதோடு இந்தக் காரிபூக்களும் போயின. அமெரிக்க எல்லைக்குள் வந்துபோன கடைசி மந்தையில் எஞ்சிய காரிபூவை 2019 ஜனவரியில் பிடித்துக் கனடாவின் வேறு பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அத்துடன் அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவில் காட்டுக் காரிபூ இல்லை என்றாகிவிட்டது.

நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளின் குட்டைக்கால் துருவ மான்களுக்கு லைக்கன் பெரிதாகக் கிடைப்பதே இல்லை. புல்லும் பாசியும் குட்டைச் செடிகளும்தான் குளிர்கால உணவு. கோடையில் முதுகில் ஏற்றிய தடித்த கொழுப்பு மீதிக்கு. அங்கே இப்போது குளிர்காலத்திலும் மழை பெய்கிறது. பனியின் மேல் விழும் மழை அடிவரை ஊறி, தரையில் கட்டிப்பனியாக உறைந்து மேய்ச்சலைப் பூட்டிவிடுகிறது. அத்தகைய ஆண்டுகளில் அந்த மான்கள் கடற்கரைக்கு இறங்கிக் கடற்பாசியைத் தின்பதை 2019இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. உயிரைப் பிடித்து வைக்க அது துணை செய்யும். முழு உணவு ஆகாது.

சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் அந்தத் துணையும் இல்லை. 2013 நவம்பரில் ஒரு நாள் பெய்த மழைக்குப் பின்னால் உறைபனி வந்தது. லைக்கன் கண்ணாடிக்கு அடியில் மாட்டிக்கொண்டது போலாயிற்று. நெனெட்ஸ் மேய்ப்பர்களின் மான்களில் ஏறத்தாழ 61,000 அந்தக் குளிர்காலத்தில் பட்டினியால் செத்தன.

கோடைப் பக்கம் வரும் கேடு இவ்வளவு பளிச்சென்று தெரியாது. மேற்கு கிரீன்லாந்தின் காங்கர்லுசுவாக் பகுதியில் எரிக் போஸ்ட் என்ற சூழலியலாளர் 1993 முதல் காரிபூக்களைப் பின்தொடர்ந்து வந்தார். வெப்பம் கூடியதால் செடிகள் ஆண்டுக்காண்டு முன்னதாகத் துளிர்த்தன. கன்று ஈனும் நாள் அந்த வேகத்தில் நகரவில்லை. காரிபூவை நடக்கத் தூண்டுவதில் பகலின் நீளத்துக்குப் பங்குண்டு, அது மாறாது; செடியைத் துளிர்க்க வைப்பது வெப்பம், அது மாறிவிட்டது. தாய்கள் பால் சுரக்கும் நேரத்தில் இலைகள் முற்றத் தொடங்கியிருந்தன. கன்று உற்பத்தி நான்கில் ஒரு பங்காகச் சரிந்தது என்று 2008இல் அவரும் மாட்ஸ் ஃபோர்ஷாமரும் எழுதினார்கள். கூடவே, வெப்பத்தோடு தூந்திராவில் பரவும் குள்ள பிர்ச் செடியின் பிசின் காரிபூவுக்கு ஒவ்வாதது. தூரத்திலிருந்து பார்த்தால் நிலம் பசுமையாகிக்கொண்டிருக்கிறது. வாய்க்கு ஏற்ற பசுமை அதே அளவில் கூடவில்லை. குளிர்கால உணவுக்கும் கேடு உண்டு: காட்டுத்தீ எரித்த லைக்கன் மீள ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

எண்ணிக்கை இதையெல்லாம் காட்டுகிறது. 1986இல் ஏறத்தாழ 4,70,000 இருந்த கனடாவின் பாதர்ஸ்ட் மந்தை, 2021இல் 6,240 ஆகக் குறைந்தது. தூந்திராவில் வலசை போகும் மந்தைகள் அனைத்தையும் சேர்த்தால் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் 65 சதவீதம் சரிவு என்று 2024ஆம் ஆண்டின் ஆர்க்டிக் அறிக்கை சொல்கிறது. வேட்டை, நோய், சாலைகள், சுரங்கங்கள் எனக் காரணங்கள் மந்தைக்கு மந்தை வேறுபடும். உணவும் அதன் நேரமும் எல்லா மந்தைக்கும் பொதுவானவை.

போர்க்குபைன் மந்தை 2017 கணக்கெடுப்பு வரை சரியாமல் நின்றவற்றில் ஒன்று. பனி தாமதமாக உருகி, கடற்கரைச் சமவெளிக்கு வந்து சேர முடியாமல் வேறிடத்தில் ஈன்ற ஆண்டுகளில் அதன் கன்றுகள் குறைவாகவே பிழைத்தன. அங்கே இலை குறைவு. ஓநாயும் கரடியும் அதிகம். எண்ணெய் வயல்களை ஒட்டி வாழும் வேறு மந்தைகளில், இளங்கன்றோடு இருக்கும் தாய்கள் சாலைகளிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் விலகிப் போவதும் பதிவாகியுள்ளது. விலகிப் போனால் இழப்பது ஜூன் மாதத்தின் அந்தச் சில வார மேய்ச்சலை. தன் எல்லைக்குள் வரும் ஈனும் நிலத்தைக் கனடா 1984இலேயே தேசியப் பூங்காவாக்கிப் பாதுகாத்துவிட்டது. அமெரிக்காவோ 2017இல் சட்டம் இயற்றித் தன் பக்கச் சமவெளியை எண்ணெய் எடுக்கத் திறந்துவிட்டது. 2021 ஜனவரியில் முதல் ஏலமும் நடந்தது. குளிர்காலத்து லைக்கனுக்குக் காரிபூ பல இடங்களைத் தேடிப் போக முடியும். ஜூன் மாதத்து வில்லோத் தளிருக்கு அதனிடம் இந்த ஒரு சமவெளிதான் இருக்கிறது; அதைத் துளையிடாமல் விடுவதே அமெரிக்கா செய்ய வேண்டியது.